முன் சீட்

எழுத எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன். அதிலும் கணக்கில் சித்தியடையவில்லை. ஒரு கடிதம் எழுதினால்கூட மகளிடம் காட்டிப் பிழை திருத்திய பிறகே அனுப்புவேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பழக்கம் இல்லாதவள். அப்படிப்பட்டவள் ஐம்பத்து மூன்று வயதில் பேனா எடுத்ததை வாசிப்பவர்கள் மன்னிக்கவேண்டும். பேசவேண்டிய இடத்தில் நான் பேசவில்லை. அதை இனிப் போய்ப் பேசவும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்குப் பார்வை போய்க்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பல மாதங்கள் அவர் கார் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். ஹேவாஹெட்ட பாதையில் ஒரு பெண்ணின் இடுப்பெலும்பு உடைந்தது அதனால்தான்.

அவர் கோச்சி, அதாவது ரயில், ஓட்டினவர். இருபத்தைந்து வயதில் நாவலப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்து, அறுபது வரை மலைநாட்டு லைனிலேயே இருந்தார். நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் பிறந்தவள். கல்யாணம் முடித்துக் கண்டிக்கு வந்தோம். பேராதனைக்குப் போகும் வீதியிலிருந்து செங்குத்தாக ஏறும் ஒரு குறுக்குப் பாதையில் எங்கள் வீடு. அவர் கிழமைக்கு இரண்டு நாள் வீட்டில் இருப்பார். இருக்கும் நேரமும் தூங்குவார். எழும்பினால், "சாப்பாடு இருக்கா?" என்பார். "இருக்கு" என்பேன். முப்பது வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சில் பாதி இதுவாகத்தான் இருக்கும். கோபக்காரர் இல்லை. இஞ்சின் சத்தத்தில் வாழ்ந்தவருக்கு வீட்டில் அமைதி வேண்டியிருந்தது. நானும் பேசத் தெரியாதவள். சரியாக இருந்தது.

கடைசி இரண்டு வருடம் அவரை லைனில் அனுப்பவில்லை. ஷெட்டில் மேற்பார்வை வேலை. "வயசுக்கு ஒரு மரியாதை" என்றார். நம்பினேன்.

ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். சின்னது. கதவு சாத்தினால் தகர டப்பா சத்தம் கேட்கும். "முப்பத்தஞ்சு வருஷம் தண்டவாளம் கூட்டிட்டுப் போன எடத்துக்குத்தான் போனேன். இனி நான் நெனச்ச பக்கம் திருப்புவேன்" என்றார். முதல் நாள் கம்பளைக்குப் போனோம். ஏறி உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "இஞ்சின்ல அசிஸ்டன்ட் சும்மா குந்திக்கிட்டு வரமாட்டான். கைகாட்டியப் பாத்துச் சத்தமாச் சொல்லணும். நான் அதத் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லலைன்னா நான் கவனிக்கலைன்னு அர்த்தம். இன்னைலருந்து நீதான் அசிஸ்டன்ட்" என்றார்.

"சம்பளம்?"

"வடை."

அப்படித்தான் தொடங்கியது. நான், "வளைவு, இடது பக்கம்" என்பேன். அவர், "வளைவு, இடது" என்பார். "முன்னுக்கு பஸ், நிக்குது." "பஸ், நிக்குது." "நாய்." "நாய்." ஆரம்பத்தில் வெட்கமாக இருந்தது. பிறகு நன்றாகப் பழகிவிட்டது. சனி ஞாயிறில் பாதையில் நெரிசல் என்று கிழமை நாட்களில்தான் போவோம். கம்பளை, நாவலப்பிட்டியில் மகள் வீடு, சில நாள் தலாத்துஓயா வழியாக ஹேவாஹெட்டவுக்கு. தேயிலைக்கு நடுவே ஏதாவது ஒரு கடையில் நிறுத்தி, வடை சாப்பிட்டு, பால் இல்லாத பிளேன்டீயும் குடித்துவிட்டுத் திரும்புவோம்.

ஒரு உண்மையை மறைக்காமல் எழுதவேண்டும். எனக்கு அந்தப் பயணங்கள் மிகவும் பிடித்தன. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன ஒரு வார்த்தையை அவர் திருப்பிச் சொல்லி நான் கேட்டதில்லை. காரில் நான் சொன்ன ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. அதற்காகவே காலையில் சீக்கிரம் சமைத்து முடித்துவிட்டுக் காத்திருப்பேன்.

கம்பளைக்கு அப்பால் பாதை ரயில் லைனைக் கடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு நாள் அங்கே போய்ச் சேரும்போது நான் பையில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் வேகத்தைக் குறைத்து, "கேட் சாத்தியிருக்கா?" என்று கேட்டார்.

தலையைத் தூக்கினேன். சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பம் எங்களுக்கு முன்னால் இருபது அடியில் குறுக்கே கிடந்தது.

"சாத்தியிருக்குங்க" என்றேன்.

"கேட், சாத்தியிருக்கு" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

கோச்சி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் இவருக்குத் தெரிந்தவராக இருக்கவேண்டும். ஜன்னலால் தலையை நீட்டிக் கையை ஆட்டினார், ஹோர்ன் அடித்தார். இவரும் சிரித்துக்கொண்டு கையைத் தூக்கினார். அதற்குள் இஞ்சின் தாண்டிப் போய்விட்டது. இவர் கையாட்டியது மூன்றாம் பெட்டிக்கு.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டால் கார் நின்றுவிடும். கார் நின்றால் திரும்பவும் "சாப்பாடு இருக்கா", "இருக்கு". அப்படி நினைத்துத்தான் கேட்காமல் இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. அப்போது, அவர் மனம் நோகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு பைக்குள் எதையும் தேடுவதில்லை. கண்ணை எடுக்காமல் பாதையைப் பார்த்தேன். முன்பைவிடச் சத்தமாக, முன்பைவிட அடிக்கடி சொன்னேன். அவரும் அதைக் கவனித்திருப்பார்.

அந்த மாதங்களில்தான் அவர் வீட்டைத் திருத்தத் தொடங்கினார்.

எங்கள் வீடு சரிவில் கட்டியது. ஹோலிலிருந்து சமைக்கும் குசினிக்கு இரண்டு படி இறங்கவேண்டும். குசினியிலிருந்து குளியலறைக்கு இன்னும் ஒரு படி. கொத்து வேலைக்கு மேசன் பாஸ் ஒருவரைப் பிடித்தார். கம்பளைப் பக்கத்து முஸ்லிம் மனிதர், வயது ஐம்பத்தைந்து இருக்கும். நான் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். குசினித் தரையை உயர்த்தி ஹோலுக்குச் சமமாக்கவேண்டும், குளியலறையையும் அப்படியே, பின்பக்கப் படிகளுக்குக் கைப்பிடிக் குழாய், எல்லா சுவிட்சும் கதவின் வலது பக்கம் ஒரே உயரத்தில் என்று அவரிடம் வரிசையாகச் சொன்னார்.

"எதுக்குங்க இவ்வளவு?" என்றேன்.

"வயசாகுதுல. நாளைக்கு முழங்கால் மடங்காது."

வாசற்படியையும் எடுக்கச் சொன்னபோது மட்டும் நான் கொஞ்சம் பேசினேன். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படி அது. "வாசப்படி இல்லாத வீடு உண்டாங்க? என்னா வீடு அது?"

"ரெண்டு தரம் தடுக்கிட்டேன்."

"பாத்து நடந்தா என்னா?"

சொன்ன பிறகு நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் நானா படியைப் பெயர்த்தெடுத்துச் சிமெந்து போட்டுச் சமப்படுத்திவிட்டார். அடுத்த வெள்ளி நான் அந்த வெறும் சிமெந்தில் மஞ்சளைப் பூசினேன். அது ஒட்டவில்லை.

ஒரு நாள் அவர் ஆணி வாங்கக் கீழே இறங்கிப் போயிருந்தார். நானாவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, ஒரு விஷயம் கேட்டா கோவிக்க வாணாம்" என்றார்.

"கேளுங்க நானா."

"ஒங்கட மாஸ்டருக்கு நோய் வருத்தம் ஒண்டும் ஈக்கிதா?"

"சீனி வருத்தம் கொஞ்சம் இருக்கு. ஏன்?"

"அளவு நாடாவ எனக்கிட்ட தந்துட்டு, அவரு காலால அளக்குறாரு. நேத்து நான் மூலையில குந்தி டைல் வெட்டிட்டு ஈந்தேன். நான் ஈக்கிறது அவருக்குத் தெரியா. கண்ண மூடிட்டு ஹோல்ல இருந்து குசினிக்கு நடந்தாரு. பொறகு திரும்பி வந்தாரு. பொறகும் போனாரு. நான் வெளையாட்டுண்டு சிரிச்சிட்டேன்."

"அவரு?"

"அவரு சிரிக்கல்ல. கூரையில எத்தன ஓடு மாத்தணும்டு கேட்டாரு."

நான் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்தேன். அவருடைய வேலைச் சட்டைகளை மடித்து வைத்த தட்டில், கடைசிச் சட்டைப் பையில், கண் கிளினிக் அட்டை இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எனக்கு முழுதும் விளங்கவில்லை. திகதிகள் விளங்கின. முதல் திகதி மூன்று வருடத்துக்கு முந்தியது. அவரை ஷெட்டில் போட்ட காலம். அட்டையை இருந்தபடி மடித்து வைத்தேன்.

அப்போதாவது கேட்டிருக்கவேண்டும். அவர் இருட்டுக்கு வீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தார். செய்துகொண்டே வாரத்துக்கு மூன்று நாள் வண்டியும் ஓட்டினார். அந்த மாதங்களில் அவர் என்னோடு பேசும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பி, என் காதைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்திருந்தேன். அவருக்கு ஓரம் தெரிந்தது, நடுதான் தெரியவில்லை. என் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் திரும்பியிருக்கிறார். அது பிறகு கேட்டுத்தான் தெரிந்தது.

வீட்டு வேலை முக்கால்வாசி முடிந்த நேரம், ஒரு சனிக்கிழமை, நாவலப்பிட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். மகளுடைய மாமனாரும் மாமியாரும். மாமனாருக்கு டவுனில் புடவைக் கடை. வாயைத் திறந்தால் சிரிப்புத்தான். நல்ல மனிதர். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சம்பந்தி, படியே இல்ல! வீட்டுக்குள்ளயும் கார் ஓட்டப்போறீங்களா?" என்றார்.

"ஓட்டினாலும் ஓட்டுவேன்" என்றார் இவர்.

சாப்பாடு முடிந்ததும் இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வாங்க, ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். இவ பொறந்த தோட்டத்தக் காட்டுறேன்."

காரடிக்குப் போனோம். இவர் முன் கதவைத் திறந்து, "சம்பந்தி, முன்னுக்கு ஏறுங்க" என்றார்.

சம்பந்தியை முன்னால் இருத்தாமல் பின்னால் இருத்திக் கூட்டிப்போனால் எங்கள் பக்கத்தில் அது மரியாதைக் குறைவு. மகள் வாழப்போன வீட்டு மனிதர். பின்னால் இருத்தினால் அந்தப் பேச்சு மகளுடைய காதுக்கு இரண்டு வருடம் வந்துகொண்டேயிருக்கும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த மனிதரே, "வாணாம் வாணாம், தங்கச்சி முன்னுக்கு இருக்கட்டும். நான் பொண்டாட்டிகூட பின்னுக்கு குந்திக்கிறேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

"சரிங்கண்ணே" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். என் வாயிலிருந்து வந்தது, "ஐயோ, நீங்க இருங்கண்ணே. நான் பின்னுக்கே இருக்கேன்."

பின் சீட்டில் ஏறினேன். என் வீட்டுக்காரரின் தலைக்கு நேர் பின்னால் இடம் கிடைத்தது. அங்கேயிருந்து பாதையில் பாதிதான் தெரியும்.

தலாத்துஓயா தாண்டும்வரை இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டிக்கொண்டு மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனேன். "வளைவு, வலது." "லொறி." இவர் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் கேட்டார். ஸ்டியரிங் திரும்புவதில் தெரிந்தது. மாரஸ்ஸன ஊர் கிட்ட வரும்போது சம்பந்தி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னா சம்பந்தி, தங்கச்சி பின்னுக்கு இருந்துகிட்டு வண்டி ஓட்டுது! லைசன் யாருக்கு, உங்களுக்கா அதுக்கா?"

சம்பந்தியம்மாவும் சிரித்தார். "எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா நான் சொன்னா இந்த மனுசன் கேக்கவா போறாரு."

இவரும் சிரித்தார். பிறகு, "சும்மா வா. எனக்குக் கண்ணு இல்லையா?" என்றார்.

எல்லோரும் இருக்கும் இடத்தில் அவர் அப்படிக் கேட்டார். தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

தோட்டத்தைப் பார்த்தோம். நான் பிறந்த லயத்தில் இப்போது வேறு ஆட்கள். கடையில் வடை சாப்பிட்டோம். திரும்பும்போது மூன்றரை மணி இருக்கும். மேலேயிருந்து மெல்லிய பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. மெல்லியதுதான். தேயிலைச் செடி, பாதையோரத் தண்ணிக் கான், மைல்கல் எல்லாம் தெரிந்தது. அதை நான் உறுதியாக எழுதமுடியும்.

சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு சொன்னா மனசுல வச்சிக்காதீங்க. உங்க மக நல்ல புள்ளதான். ஆனா கறியில உப்புப் போடுறதே இல்ல. அவருக்குப் பிரஷர்னு ஒரு நாள் சொன்னேன். அன்னைலருந்து வீடே உப்பில்லாம சாப்பிடுது" என்றார்.

நான் சிரித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன். "சொல்லி வைக்கிறேன் அக்கா. அது சின்னதுலருந்தே..." என்று தொடங்கினேன்.

சத்தம் பெரிதாக இல்லை. சாக்கு ஒன்று விழுந்ததுபோல் இருந்தது. முன் கண்ணாடி முழுக்கப் புல். பச்சைப் புல் கட்டு ஒன்று அவிழ்ந்து, கண்ணாடியை மூடிக்கொண்டது. கார், ஒரு சக்கரம் கானுக்குள் இறங்கி நின்றது.

"என்னாது?" என்றார் இவர். "என்னா பட்டிச்சு?"

சம்பந்தி அவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு கத்தினார். "பொம்பள சம்பந்தி! பொம்பள!"

மாட்டுக்குப் புல் அறுத்துத் தலையில் கட்டாக வைத்துக்கொண்டு, பாதை ஓரமாக எங்களை நோக்கி நடந்து வந்த பெண். என் வயதுதான் இருக்கும். கொழுந்து எடுத்து முடித்து வந்திருக்கிறாள், படங்குச் சாக்கு இடுப்பிலேயே இருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது. "கால அசைக்காதீங்க, கால அசைக்காதீங்க" என்று அவளே சொன்னாள். தோட்டத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். ஒரு வேன் பிடித்து ஏற்றினோம். நான் அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு கண்டிக்குப் போனேன். இவர் என்னோடு வரவில்லை. காரடியில், புல்லுக்கு நடுவில், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொலிஸில் என்ன நடந்தது என்பதைச் சம்பந்தி பிறகு சொன்னார். "மூட்டம், ஒண்ணும் தெரியல" என்று அவர்தான் முதலில் சொன்னாராம். இவர் ஒன்றும் சொல்லாமல் நின்றாராம். சிங்களத்தில் மீதும, மூட்டம், என்று எழுதினார்கள். இவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண்ணின் புருஷனும் வந்து, "அது ரோட்டு நடுவுல வந்திருக்கும் சார், ஐயா மேல தப்பு இருக்காது" என்று சொன்னாராம். காரில் வந்த மனிதர்களைப் பார்த்து அப்படிச் சொல்லித்தான் அவர்களுக்குப் பழக்கம். என் அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

சம்பந்தி புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, இது நம்ம குடும்பத்துக்குள்ள. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

நான் ஒன்றும் பேசாமல்தான் இருந்தேன். தினமும் கஞ்சியும் துவைத்த துணியும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். இடுப்பில் ஒப்பரேஷன் செய்து கம்பி வைத்திருந்தார்கள். முதல் நாட்களில் அவள் என்னை அம்மா என்றாள். நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள் என்று தெரிந்ததும் அக்கா என்றாள். எங்கள் தோட்டத்தில் தண்ணி பிடிக்கும் பீலியைப் பற்றிப் பேசுவோம். அவளுக்கு மாட்டைப் பற்றித்தான் கவலை. "அவருக்குக் கறக்கத் தெரியாதுக்கா. மடி கட்டிப் போயிரும்" என்பாள். டொக்டர், ஊன்றுகோல் வைத்து நடக்கலாம், ஆனால் மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்கமுடியாது என்று சொல்லிவிட்டார். அதை அவளுக்கு நான்தான் சொன்னேன். "அப்ப லயத்து வீடு?" என்றாள். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் அந்த வீட்டில் இருக்கலாம். அவளுடைய புருஷன் வெளியே கூலி வேலை செய்பவர்.

மூன்றாம் கிழமை, ஒரு புதன்கிழமை, பார்வையாளர் நேரம் முடியப்போகும்போது அவள் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா? எனக்கு இது வெளங்கவே இல்ல. நான் நேரா வந்தேன். ஐயாவும் நேரா என்னத்தான் பாத்தாரு. நான் அவரு மொகத்தப் பாத்தேன். பாத்துட்டாரு, ஒதுக்குவாருன்னுதான் நான் ஒதுங்கல. பாத்துக்கிட்டே வந்து ஏன்க்கா மோதினாரு? நான் என்னா செஞ்சேன் அவருக்கு?"

மூன்று கிழமையாக அவள் இதைத்தான் யோசித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தன்மேல் ஏற்றியது ஏன் என்று.

"அவருக்குக் கண்ணு தெரியாது" என்றேன்.

"அன்னைக்கா?"

"கொஞ்ச காலமாவே. நேரா பாத்தா நடு தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏறிக்கிட்டுப் போனீங்க?"

"எப்பவும் நான் முன்னுக்கு இருந்து சொல்லுவேன். அன்னைக்குப் பின்னுக்கு இருந்தேன்."

அது எவ்வளவு அற்பமான பதில் என்று சொல்லும்போதே எனக்குக் கேட்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். இடுப்பைத் திருப்ப முடியாது, முகத்தை மட்டும். "போய்ட்டு வாங்கம்மா" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. கஞ்சி வாளி மூடியபடியே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நானா வேலை முடித்துப் போயிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் இரண்டு கிழமைக்கு மேல் வரவில்லை. அன்றுதான் திரும்பத் தொடங்கியிருந்தார். பின்பக்கப் படிகளின் விளிம்பில் மஞ்சள் பெயின்ட் ஈரமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஹோலில் கதிரையில் இருந்தார். கார், தறப்பாள் மூடி வெளியே நின்றது. நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"அந்தப் புள்ள கேட்டுச்சு, நேரா பாத்துக்கிட்டே ஏன் மோதினாருன்னு."

அவர் முகத்தைத் திருப்பி என் காதைப் பார்த்தார். "நேரா பாத்தாத்தான் தெரியாது" என்றார்.

"தெரியும்."

"எப்பருந்து?"

"கேட் சாத்தியிருந்தது பாருங்க, அன்னைலருந்து."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்களும் சொல்லியிருக்கலாம்."

"வீட்டு வேல முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சதும் காரக் குடுத்துரலாம்னு." கார் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "நானே நிறுத்தின மாதிரி இருக்கட்டும்னு பாத்தேன்."

"நான் அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். "கோச்சியில சிகப்பு சிக்னலத் தாண்டிட்டா, நம்மளே எழுதிக் குடுக்கணும்" என்றார். "யாரும் பாக்கலைன்னாலும் எழுதணும். எழுதலைன்னா அதுதான் பெரிய குத்தம். முப்பத்தஞ்சு வருஷத்துல ஒருக்கா எழுதிக் குடுத்திருக்கேன். மீதுமன்னு எழுதினதுக்குக் கையெழுத்து வச்சேனே, என்னா எழுதியிருக்குன்னுகூட எனக்குத் தெரியல."

மகளுக்கு டெலிபோன் எடுத்தேன். நாளைக்குப் பொலிஸுக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறோம் என்றேன். "அம்மா, மாமா பொலிஸ்ல மூட்டம்னு சொல்லியிருக்காரே. நீங்க மாத்திச் சொன்னா அவரு பொய் சொன்னவருன்னு ஆயிரும். நான் இங்கதானே இருக்கணும்" என்றாள்.

"தெரியும் புள்ள."

"தெரிஞ்சுதான் போறீங்களா?"

ஒரே நாளில் இரண்டு பேர் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். "ஆமா" என்றேன். அவள் வைத்துவிட்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. சம்பந்தி வீட்டிலிருந்து அன்று யாரும் பேசவில்லை.

டெலிபோனை வைத்துவிட்டு ஹோலுக்கு வந்தேன். அவர், "எத்தன மணிக்கு பஸ்?" என்று கேட்டார்.

"ஏழேகாலுக்கு."

"ஏழேகால்" என்று திருப்பிச் சொன்னார்.

மறுநாள் காலை ஏழேகால் பஸ்ஸில் போனோம். வாக்குமூலத்தைத் திரும்ப எழுதினார்கள். அவருடையதை முதலில் எழுதினார்கள், பிறகு என்னுடையதை. கையெழுத்துப் போடும் இடத்தில் அவருடைய விரலைப் பிடித்து வைத்தேன். லைசனை வாங்கிக்கொண்டு, வழக்குக்குத் திகதி அறிவிப்பதாகச் சொன்னார்கள். பின்னேரம் பஸ்ஸில் திரும்பி வந்தோம். மழை பெய்தது. நானா குளியலறைக் கைப்பிடியைப் பொருத்தி முடித்திருந்தார்.